960 மணி நேரம்: ஜப்பானில் லாரி ஓட்டுநரின் வேலை நேரத்தைக் குறைத்தபோது

வேலை வாரம் சுருங்கினால் லாரித் தொழில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஊகத்தில் விடை தேட வேண்டியதில்லை. ஜப்பான் அதைச் சட்டமாகவே போட்டு நடைமுறைப்படுத்தியிருக்கிறது. 2024 ஏப்ரல் 1 முதல் அங்கே ஒரு லாரி ஓட்டுநர் ஆண்டுக்கு 960 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் செய்யக் கூடாது. மீறும் முதலாளிக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மூன்று லட்சம் யென் வரை அபராதம். நான்கு நாள் வாரம், 32 மணி வாரம் என்றெல்லாம் பேசும் எவரும் முதலில் படிக்க வேண்டிய அனுபவம் இது. நேரத்தைக் குறைத்தால் எது உடையும், எது தாங்கும், யார் தலையில் செலவு விழும் என்பதெல்லாம் அங்கே கண்ணெதிரே தெரிந்துவிட்டது.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சரக்கு நகராமல் போவதற்குக் காரணம் ஓட்டுநர் குறைவாக ஓட்டுவது அன்று. அவருடைய நேரத்தில் பெரும் பகுதி கிடங்கு வாசலில் கரைகிறது. அதை வெட்டாமல் சட்ட வரம்பை மட்டும் வெட்டினால், குறைவது ஓட்டும் நேரமும் ஓட்டுநரின் சம்பளமும்தான்.

சட்டம் சொன்னது

வேலைமுறைச் சீர்திருத்தச் சட்டம் 2018 ஜூனில் நிறைவேறியது. மற்ற தொழில்களுக்கு ஓவர்டைம் வரம்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 720 மணி. பெரிய நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும் சிறிய நிறுவனங்களுக்கு 2020 ஏப்ரலிலும் அது வந்துவிட்டது. வாகன ஓட்டுநர்களுக்கு மட்டும் ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்து, அதன் பிறகும் 720 அல்ல, 960 என்றார்கள். விடுமுறை நாளில் செய்யும் வேலை இந்த 960-இல் சேராது. மற்றவர்களுக்கு உள்ள மாதத்துக்கு 100 மணிக்குள் என்ற கட்டுப்பாடும் இவர்களுக்கு இல்லை. ஆக, இது தாராளமான வரம்பு. இதற்கே நாடு முழுக்க ‘2024 பிரச்சினை’ என்று பெயர் வைத்துப் பதறியது என்றால், முன்பு நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளலாம். அரசின் 2021 ஆம் ஆண்டுக் கணக்குப்படி பெரிய லாரி ஓட்டுநர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,544 மணி நேரம் வேலை செய்தார். எல்லாத் தொழில்களின் சராசரி 2,112. அதாவது 400 மணிக்கும் மேல் கூடுதல் உழைப்பு. சம்பளமோ சராசரியைவிடக் குறைவு.

ஓவர்டைம் வரம்போடு இன்னொரு ஆணையும் அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. லாரி ஓட்டுகிறவர்களுக்கு அன்றாடம் உறைத்தது இதுதான். ஜப்பானில் ‘கோசோகு ஜிகான்’ என்று ஒரு கணக்கு உண்டு. கட்டுண்ட நேரம் என்று சொல்லலாம். வேலைக்கு வந்து கையெழுத்திட்டது முதல் விடுபடும் வரை, இடைவேளையும் சேர்த்து, ஓட்டுநர் நிறுவனத்தின் பிடியில் இருக்கும் மொத்த நேரம். அது ஆண்டுக்கு 3,516 மணியிலிருந்து 3,300 ஆனது. தொழிலாளர் ஒப்பந்தம் இருந்தால் 3,400 வரை போகலாம். மாதத்துக்கு 293 என்பது 284 ஆனது. ஒரு நாளைக்கு 13 மணி என்பது பொது விதி. நீட்டினாலும் 15 வரைதான், 14-ஐத் தாண்டுவது வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இருக்கக் கூடாது. 450 கிலோமீட்டருக்கு மேற்பட்ட, வெளியூரில் தங்கும் நெடுந்தூர நடைக்கு மட்டும் வாரத்தில் இருமுறை 16 மணி. இரண்டு பணிகளுக்கு நடுவே தொடர்ச்சியான ஓய்வு முன்பு 8 மணி. இப்போது 11 மணி கொடுக்க முயல வேண்டும், மேலே சொன்ன நெடுந்தூர விலக்கைத் தவிர 9-க்குக் கீழே போகக் கூடாது. தொடர்ந்து 4 மணி நேரம் ஓட்டினால் 30 நிமிடம் நிறுத்த வேண்டும் என்பது பழைய விதிதான்.

ஆண்டுக்கு 255 வேலை நாள் என்று வைத்தால், 3,516 போய் 3,300 வந்ததில் ஒரு நாளைக்கு இழந்தது 51 நிமிடம். இந்த 51 நிமிடம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு நடையின் கணக்கு

டோக்கியோ–ஒசாகா நடையை எடுத்துக்கொள்வோம். சுமார் 500 கிலோமீட்டர். இரு நகரங்களின் உள்சாலைகளையும் சேர்த்து ஓட்டும் நேரம் 7¼ மணி என்று கொள்ளலாம். கிளம்புமுன் ‘தென்கோ’ நடக்கும்: மேலாளர் முன்னிலையில் மூச்சுச் சோதனை, உடல்நிலை விசாரிப்பு, பிறகு வண்டிச் சோதனை. அதற்கு அரை மணி. முடிக்கும்போது மறுபடியும் அரை மணி. இடைவேளை ஒரு மணி. இவற்றில் எதிலும் கை வைக்க முடியாது.

மீதி இருப்பது வாசல் நேரம். ஏற்றும் இடத்தில் ஒன்றரை மணி காத்திருப்பு, ஒன்றரை மணி லோடு ஏற்றல். இறக்கும் இடத்தில் ஒரு மணி காத்திருப்பு, ஒரு மணி இறக்கல். இது மிகைப்படுத்திய கணக்கு இல்லை. காத்திருப்பும் ஏற்றி இறக்குதலும் சேர்ந்து ஒரு நடைக்குச் சராசரியாக 3 மணி நேரம் போகிறது என்று அரசே ஒப்புக்கொண்டது. பெட்டிகளைக் கையால் அடுக்கும் கை லோடு என்றால் 5 மணி சாதாரணம்.

கூட்டிப் பாருங்கள். வேலை நேரம் 13¼ மணி, இடைவேளையோடு கட்டுண்ட நேரம் 14¼ மணி. 14-ஐத் தாண்டிவிட்டதால் பொது விதிப்படி இதை வாரத்துக்கு இருமுறை ஓடலாம். மூன்றாவது முறை ஓடினால் மீறல். வழக்கமான 8 மணி போக ஓவர்டைம் ஒரு நாளைக்கு 5¼ மணி. 960-ஐ 5¼-ஆல் வகுத்தால் 183 நாள். ஏப்ரலில் ஆண்டைத் தொடங்கும் ஓட்டுநர் இப்படியே ஓடினால் டிசம்பர் கடைசியில் அவருக்கான ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்துவிடும். 255 நாள் வேலை செய்ய வேண்டுமானால் ஒரு நாள் ஓவர்டைம் 3¾ மணிக்குள் நிற்க வேண்டும்.

இப்போது வாசல் நேரத்தை மட்டும் 5 மணியிலிருந்து 2 மணியாகக் குறைப்போம். 2023 ஜூனில் அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் கேட்டது இதைத்தான்: ஒரு நடைக்குக் காத்திருப்பும் ஏற்றி இறக்குதலும் சேர்த்து இரண்டு மணிக்குள். வேலை நேரம் 10¼ மணியாகிறது. ஓவர்டைம் 2¼. ஆண்டு முழுக்க ஓடினாலும் 574 மணி. வண்டி அதே வண்டி, சாலை அதே சாலை, ஓட்டும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. சட்டத்துக்குள் அடங்குவது மட்டுமின்றி ஏறத்தாழ 390 மணி மிச்சமும் இருக்கிறது.

வேலை நேரக் குறைப்பைப் பற்றிய விவாதங்களில் இந்தக் கணக்கு ஏன் முதல் பக்கத்தில் வருவதில்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். ‘இவ்வளவு நேரம் குறைத்தால் இவ்வளவு லாரி கூடுதலாக வேண்டும்’ என்ற நேர்விகிதக் கணக்குதான் எங்கும் ஓடுகிறது. ஜப்பானிலும் அதுதான் ஓடியது: ஒன்றும் செய்யாவிட்டால் 2024-இல் 14 விழுக்காடும் 2030-இல் 34 விழுக்காடும் சரக்கு கடத்தும் திறன் பற்றாக்குறையாகும் என்ற மதிப்பீடு எல்லா அரசு ஆவணங்களிலும் இடம்பெற்றது. அந்த மதிப்பீடு பொய்யில்லை. ‘ஒன்றும் செய்யாவிட்டால்’ என்ற நிபந்தனையைத்தான் பலர் படிக்காமல் விட்டார்கள்.

வாசலில் நேரம் எப்படிக் கரைகிறது

பத்து டன் லாரியின் பெட்டி உள்ளே 9.6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். பேலட் என்பது சரக்கை அடுக்கி ஃபோர்க்லிஃப்டால் தூக்கும் தட்டு. 1,100 மில்லிமீட்டர் சதுரப் பேலட் எட்டு வரிசை, வரிசைக்கு இரண்டு, மொத்தம் 16 நிற்கும். ஃபோர்க்லிஃப்ட் இருந்தால் அரை மணியில் ஏற்றி முடிக்கலாம். அதே சரக்கைப் பெட்டி பெட்டியாகக் கையால் அடுக்கினால் ஆயிரம் பெட்டிக்கு மேல். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அடுக்குகிறவர் பெரும்பாலும் ஓட்டுநரே. அதன் பிறகு அவர்தான் 500 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

அப்படியானால் எல்லாவற்றையும் பேலட்டில் அனுப்ப வேண்டியதுதானே? சரக்குக்காரர் மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பேலட் 14.4 சென்டிமீட்டர் உயரம். இரண்டு அடுக்கு வைத்தால் கிட்டத்தட்ட 29 சென்டிமீட்டர், பெட்டியின் 2.4 மீட்டர் உயரத்தில் 12 விழுக்காடு, மரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போய்விடுகிறது. பெட்டி அளவு பேலட்டுக்குப் பொருந்தாவிட்டால் ஓரங்களிலும் இடம் வீண். நொறுக்குத்தீனி, உடனடி நூடுல்ஸ் போல எடை குறைந்து இடம் அடைக்கும் சரக்குக்கு இது நேரடி நஷ்டம். அடுத்து, வெறும் பேலட்டை யார் திருப்பிக் கொண்டுவருவது? பீர் நிறுவனங்களின் பேலட் 1,100-க்கு 900, மற்றவர்களுடையது வேறு. அளவு மாறினால் இறக்கும் இடத்தில் ஒரு பேலட்டிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் மாற்ற வேண்டும். அங்கே மிச்சப்படுத்திய நேரம் முழுக்கப் போய்விடும். அளவை முதலில் ஒன்றாக்கி, பொதுவில் வாடகைக்கு விடும் பேலட்டுக்கு மாறி, அட்டைப்பெட்டியின் அளவையே பேலட்டுக்கு ஏற்றபடி மாற்றிய நிறுவனங்களில்தான் இது வேலை செய்தது. பெட்டி அளவு என்பது தொழிற்சாலை வடிவமைப்புத் துறை எடுக்கும் முடிவு. லாரிக்காரர் சொல்லி அது மாறாது.

காத்திருப்பின் கதை வேறு. கிடங்குகள் வந்த வரிசைப்படி இறக்கின. அதனால் எட்டு மணிக்குத் திறக்கும் வாசலில் விடியற்காலை நாலு மணிக்கே வண்டிகள் வந்து நின்றன. இதற்குத் தீர்வாக நேர முன்பதிவு மென்பொருள் வந்தது. பல இடங்களில் அது தோற்ற விதத்தைக் கவனிக்க வேண்டும். எல்லாரும் காலை 8 மணியைப் பதிவு செய்தார்கள். பதிவு செய்த நேரத்துக்கு வண்டி வந்தது, உள்ளே சரக்கு பிரித்து முடியவில்லை. அல்லது எட்டு வாசலுக்கு மூன்று ஃபோர்க்லிஃப்ட் ஆட்கள்தான் இருந்தார்கள். மென்பொருளால் புது வாசல் உண்டாகாது. சரக்கு பிரிக்கும் வரிசையை லாரிப் பதிவோடு கட்டிப்போட்ட கிடங்குகளில் காத்திருப்பு விழுந்தது. மற்ற இடங்களில் வரிசை சாலையிலிருந்து கைபேசிக்கு மாறியது, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, தெரிந்தே செய்யும் மறைப்பு. வண்டியில் பொருத்திய டிஜிட்டல் டேக்கோகிராஃப் என்ற கருவி வேகம், தூரம், நேரம் மூன்றையும் பதிவு செய்யும். வண்டி நின்றால் ஏன் நின்றது என்று அதற்குத் தெரியாது. ஓட்டுநர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும்: காத்திருப்பா, இடைவேளையா. காத்திருப்பு என்றால் வேலை நேரம். இடைவேளை என்றால் இல்லை. வரம்பு நெருங்கும் மாதக் கடைசியில் எந்தப் பொத்தான் அழுத்தப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூப்பிட்டவுடன் வண்டியை ஒரு இடம் முன்னே நகர்த்த வேண்டிய நிலையில் இருக்கும் மனிதர் ஓய்வில் இல்லை, வேலையில்தான் இருக்கிறார். தொழிலாளர் சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பெரிய லாரிகளுக்கு 30 நிமிடத்துக்கு மேற்பட்ட காத்திருப்பை நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்ற விதி 2017 ஜூலையிலேயே வந்தது. தணிக்கை செய்கிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: ‘இடைவேளை’ எனப் பதிவான நேரத்தில் வண்டி பத்து இருபது மீட்டராகப் பலமுறை நகர்ந்திருக்கிறதா? நகர்ந்திருந்தால் அது வரிசை.

நெடுஞ்சாலையிலும் ஒரு வாசல் இருக்கிறது. நள்ளிரவு 12 முதல் 4 மணிக்குள் விரைவுச் சாலையில் இருந்தால் சுங்கக் கட்டணத்தில் 30 விழுக்காடு தள்ளுபடி. எனவே 11 மணிக்கே வந்து சேர்ந்த லாரிகள் டோக்கியோ சுங்கச் சாவடிக்கு முன்னால் ஓரம் கட்டி நின்று 12 அடிக்கக் காத்திருந்தன. தள்ளுபடி நிறுவனத்துக்கு, ஒரு மணி நேரம் ஓட்டுநருடையது. இன்னொரு பக்கம், இரவில் ஓய்விடங்கள் நிரம்பி வழிவதால் நாலு மணி நேரம் ஓட்டியவருக்கு 30 நிமிடம் நிறுத்த இடமில்லை. இதைப் புரிந்துகொண்டுதான் புதிய ஆணையில், நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் 4½ மணி வரை போகலாம் என்று விலக்கு வைத்தார்கள். ஓய்வுக்குச் சட்டம் போடும் நாடு ஓய்வெடுக்க இடமும் கட்ட வேண்டும் என்பதை அந்த ஒரு வரி ஒப்புக்கொள்கிறது.

சம்பளம்

நேரம் குறைந்ததும் ஓட்டுநர்கள் மகிழ்ந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓவர்டைம்தான் அவர்களின் வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு உதாரணக் கணக்கு. அடிப்படைக் கூலி மணிக்கு 1,500 யென், மாதம் 160 மணி வழக்கமான வேலை, 100 மணி ஓவர்டைம் என்று வைப்போம். ஓவர்டைமுக்கு 25 விழுக்காடு கூடுதல். மாதத்தில் 60 மணியைத் தாண்டியதற்கு 50 விழுக்காடு. இந்த 50 விழுக்காடு சிறிய நிறுவனங்களுக்கும் 2023 ஏப்ரலில் கட்டாயமானது. மொத்தச் சம்பளம் 4,42,500 யென். ஓவர்டைமை 80 மணியாக்கினால் 3,97,500. மாதம் 45,000 யென் இழப்பு. வெட்டப்பட்ட 20 மணியும் மிக அதிக விலையுள்ள 20 மணி என்பதால் அடி இவ்வளவு பலமாக விழுகிறது.

பழைய சம்பளத்தைத் தக்கவைக்க அடிப்படைக் கூலி ஏறத்தாழ 1,670 யென் ஆக வேண்டும், அதாவது 11 விழுக்காடு உயர்வு. ஆனால் நிறுவனத்துக்கு ஒரு மணி நேர உழைப்பின் சராசரிச் செலவு 1,702-லிருந்து 1,844-க்குத்தான் போகிறது. 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல். லாரித் தொழிலின் செலவில் ஆள்கூலி ஐந்தில் இரண்டு பங்கு என்று கொண்டால், வாடகை மூன்று மூன்றரை விழுக்காடு ஏறினால் போதும். 2024 மார்ச்சில் அரசு தனது ‘நியாய வாடகை’ அட்டவணையைச் சராசரியாக 8 விழுக்காடு உயர்த்தியது. காத்திருப்பும் ஏற்றி இறக்குதலும் இரண்டு மணியைத் தாண்டினால் அந்தக் கட்டணம் ஒன்றரை மடங்கு என்றும் சேர்த்தது.

பிறகு ஏன் பணம் ஓட்டுநருக்குப் போய்ச் சேரவில்லை? அடுக்குகள். ஜப்பானில் சுமார் 63,000 லாரி நிறுவனங்கள் உள்ளன; ஏறத்தாழ எல்லாமே சிறியவை. 1990-இல் உரிமக் கட்டுப்பாடு தளர்ந்தபோது 40,000 அளவில் இருந்த எண்ணிக்கை இப்படிப் பெருகியது. சரக்குக்காரர் ஒருவருக்குக் கொடுத்த வேலை மூன்று கை மாறி நான்காமவர் ஓட்டுகிறார். ஒவ்வொரு கையும் பத்து விழுக்காடு பிடித்தால் 100 யென் 73 யென்னாகக் கீழே இறங்கும். மேலே ஏற்றிய மூன்று விழுக்காடு அங்கே கண்ணுக்கே தெரியாது. இதனால்தான் 2024-இல் திருத்திய சட்டம், உண்மையில் வண்டி ஓட்டியது யார் என்ற பதிவேட்டை 2025 ஏப்ரலிலிருந்து கட்டாயமாக்கியது. 2025 ஜூனில் நிறைவேறிய இன்னொரு சட்டம் உள்குத்தகையை இரண்டு அடுக்குக்குள் நிறுத்த முயல வேண்டும் என்றும், லாரி நிறுவன உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. வேலை நேரச் சட்டத்தை 2018-இல் போட்டுவிட்டு இதை 2025-இல் போட்டது வரிசை தவறிய செயல் என்பது எங்கள் கருத்து. அடுக்கைக் குறைத்திருந்தால் நேரக் குறைப்புக்கான பணம் ஏற்கெனவே சங்கிலிக்குள்ளேயே இருந்திருக்கும்.

பாதி வழியில் வண்டி மாற்றுவது

நேரக் குறைப்புக்கு ஓட்டத்தின் பக்கத்திலிருந்து வந்த மிகச் சிறந்த விடை இடைமாற்று ஓட்டம். டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் ஏறத்தாழ நடுவில் ஹமமட்சு இருக்கிறது. புதிய தோமேய் விரைவுச் சாலையை ஒட்டி அங்கே 2018-இல் இதற்கென்றே ஒரு மாற்றிடம் திறந்தார்கள். கிழக்கிலிருந்து வருகிறவரும் மேற்கிலிருந்து வருகிறவரும் சந்தித்து, வண்டியையோ ட்ரெய்லரையோ மாற்றிக்கொண்டு வந்த வழியே திரும்புகிறார்கள். சரக்கு 500 கிலோமீட்டர் போகிறது. ஓட்டுநர் இருவரும் அன்றே வீட்டில் தூங்குகிறார்கள்.

ட்ரெய்லர் மாற்றும்போது நடப்பது இது. சமமான, கெட்டியான தரையில் நிறுத்துவது முதல் வேலை. வெயிலில் இளகிய தார் மீது ட்ரெய்லரின் தாங்குகால் அமிழ்ந்துவிடும், அதனால் கான்கிரீட் தளமே சரி. ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தாங்குகாலைத் தரை தொடும்வரை சுழற்றி இறக்க வேண்டும். பிறகு காற்றுக் குழாய்களையும் மின்கம்பியையும் கழற்றி, இணைப்புத் தட்டின் பிடியை இழுத்து, இழுவை வண்டியை மெதுவாக முன்னே எடுக்கலாம். மாட்டும்போது தலைகீழ் வரிசை. பின்னால் வந்து கிங்பின் (ட்ரெய்லரை இழுவை வண்டியோடு பிணைக்கும் முளை) பூட்டிக்கொண்டதும் சத்தத்தை நம்பாமல் இறங்கி, டார்ச் அடித்துப் பூட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும். ட்ரெய்லர் பிரேக் பிடித்திருக்கும்போதே மெதுவாக முன்னே இழுத்துச் சோதிக்க வேண்டும். குழாய், மின்கம்பி, தாங்குகால், விளக்கு என்று ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும். இருபது நிமிடம் ஒதுக்கினால் நிதானமாகச் செய்யலாம். அவசரத்தில் தவறுவது இரண்டு: பூட்டாத கிங்பின், முழுக்க ஏற்றாத தாங்குகால். முதலாவதில் ட்ரெய்லர் நழுவித் தரையில் விழும். இரண்டாவது அடுத்த மேட்டில் உரசி வளையும்.

இதில் உண்மையான சிக்கல் இயந்திரத்தில் இல்லை, ஜோடி சேர்ப்பதில் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் சரக்கு கிளம்ப வேண்டும். ஒருவர் ஏற்றுமிடத்தில் ஒரு மணி நேரம் தாமதமானால் மற்றவர் ஹமமட்சுவில் ஒரு மணி நேரம் கட்டுண்டு நிற்கிறார். ஒரு வாசலின் தாமதம் இரண்டு ஓட்டுநர்களின் நேரத்தைத் தின்கிறது. ஆளுக்கு ஆள் வண்டியையே மாற்றிக்கொண்டால் காப்பீட்டை இரு நிறுவனங்களும் முன்பே எழுதிவைக்க வேண்டும். சரக்கில் சேதம் தெரிந்தால் அது யார் கையில் நடந்தது என்பதும் எழும். மாற்றும் இடத்தில் முத்திரையின் எண்ணையும் பெட்டியின் நான்கு பக்கத்தையும் படம் எடுத்துவைப்பது இதற்காகத்தான்.

25 மீட்டர் நீளமுள்ள இரட்டை இணைப்பு லாரிக்கு 2019-இல் அனுமதி கிடைத்தது. இரண்டு பத்து டன் வண்டியின் சரக்கை ஒரே ஓட்டுநர் இழுக்கிறார். பெரிய லாரிகளுக்கு விரைவுச் சாலை வேகவரம்பும் 2024 ஏப்ரலில் மணிக்கு 80-லிருந்து 90 கிலோமீட்டர் ஆனது. இதை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை. 400 கிலோமீட்டர் விரைவுச் சாலையில் கணக்குப்படி மிச்சமாவது 33 நிமிடம். ஒரு கிடங்கு வாசலில் அது பத்து மடங்கு எளிதாகக் கிடைக்கும், உயிருக்கு ஆபத்தும் இல்லை.

ஹமமட்சு போன்ற நடுப்புள்ளி இல்லாத ஊர்களுக்கு நிலைமை கடினம். கியூஷுவின் மியாசாகி, ககோஷிமாவிலிருந்து டோக்கியோ 1,300 கிலோமீட்டருக்கு மேல். விவசாய, மீன் பொருள்களில் பற்றாக்குறை 32.5 விழுக்காடு வரை போகலாம் என்று மதிப்பிட்டதற்குக் காரணம் இதுதான். பறித்த மூன்றாம் நாள் சந்தைக்கு வந்த காய்கறி நான்காம் நாளுக்குத் தள்ளிப்போனது. அங்கே கைகொடுப்பது கப்பல். வண்டியோடு படகில் ஏறிய ஓட்டுநருக்கு அந்த நேரம் பெரும்பாலும் ஓய்வாகவே கணக்காகும். 2021 ஜூலையில் கியூஷுவின் ஷின்-மோஜிக்கும் டோக்கியோ அருகே யோகோசுகாவுக்கும் இடையே தொடங்கிய படகு சுமார் 21 மணி நேரத்தில் சேர்கிறது. ட்ரெய்லரை மட்டும் ஏற்றிவிட்டு ஓட்டுநர் வீடு திரும்பினால் இன்னும் நல்லது. கடையில் வைக்கும் நாள் ஒன்று தள்ளினாலும் கெடாத சரக்கு எது என்று வகைபிரிப்பதுதான் இங்கே முதல் வேலை. கிழங்கும் வெங்காயமும் கப்பலுக்குப் போகும், கீரையும் மீனும் போகாது.

இனி 32 மணி வாரம்

ஜப்பானின் வரம்பு 32 மணி வாரத்துக்கு அருகில்கூட இல்லை. ஆனாலும் அந்த அனுபவத்தை வைத்து அதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முதலில் தெரிவது, நெடுந்தூர நடையை விரும்பிய அளவில் வெட்ட முடியாது. வாசல் நேரம் 2 மணியாகக் குறைந்த அந்த டோக்கியோ–ஒசாகா நடை 10¼ மணி. 32 மணிக்குள் மூன்று நடை அடங்கும், 30¾ மணி. ஆனால் மூன்றாவது நடையின் முடிவில் ஓட்டுநர் இருப்பது ஒசாகாவில். அவர் வீடு டோக்கியோவில். போய்வர வேண்டுமானால் இரட்டை எண்தான் ஓடும். இரண்டு நடை என்றால் 20½ மணி; மீதி 11½ மணி வீண். நான்கு என்றால் 41, வரம்பு மீறல். தொழிற்சாலையில் வாரத்தை எட்டு மணி குறைத்தால் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். இங்கே நான்கு நடை இரண்டாகிறது, பாதி போய்விடுகிறது.

இடைமாற்று ஓட்டத்தை இதில் வையுங்கள். சொந்த ஊரில் ஏற்ற ஒரு மணி, ஹமமட்சு போய்வர 7¼ மணி, மாற்ற இருபது நிமிடம், கொண்டுவந்ததை இறக்க ஒரு மணி, முன்னும் பின்னும் அரை அரை மணி. ஒரு நாள் சுமார் 10 மணி 35 நிமிடம். மூன்று நாள் 31¾ மணி. 32-க்குள் கச்சிதமாக அடங்குகிறது, ஒவ்வொரு இரவும் வீட்டில். குறுகிய வாரத்தை லாரித் தொழிலில் நடத்த முடியும் என்று நாங்கள் நம்புவதற்கு இந்த ஒரு கணக்குதான் ஆதாரம். ஆனால் கால் மணி நேர மிச்சத்தில் நிற்கும் அட்டவணை அது. வாசலில் அரை மணி தவறினால் வாரம் உடையும்.

வண்டி ஓய்வெடுக்கத் தேவையில்லை என்பதையும் பயன்படுத்த வேண்டும். வாரம் ஆறு நாள் வண்டி ஓட, ஓட்டுநர் மூன்று நாள் வேலை செய்தால் ஒரு வண்டிக்கு இருவர். ‘என் வண்டி’ என்ற உரிமையுணர்வு போய்விடும் என்று ஓட்டுநர்கள் இதை எதிர்ப்பார்கள்; அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. இருக்கை, கண்ணாடி, உள்ளே வைக்கும் பொருள், சுத்தம் எல்லாவற்றுக்கும் ஒப்படைப்பு விதி எழுதித்தான் ஆக வேண்டும்.

குறுகிய வாரம் லாரிக்கு வெளியே, சரக்கு அனுப்புகிறவரிடம் மட்டும் வந்தால் என்ன ஆகும்? அது இன்னும் மோசம். ஐந்து நாள் திறந்திருந்த கிடங்கு வெள்ளிக்கிழமை மூடினால், அதே சரக்கு நான்கு நாளில் வாசலைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் 25 விழுக்காடு அதிகம். வாசல் எண்ணிக்கை மாறாது. வரிசை நீளும், திங்கட்கிழமை அடைத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 2024 மார்ச்சில் முன்வைத்த 32 மணி வார மசோதா ஓவர்டைம் தொடங்கும் எல்லையை 40-லிருந்து கீழே கொண்டுவரும் வகையைச் சேர்ந்தது. ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் லாரி ஓட்டுநர்கள் 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஓவர்டைம் விதியிலிருந்தே விலக்கப்பட்டவர்கள். அந்த விலக்கு நீடித்தால் கிடங்கு ஆட்களின் வாரம் சுருங்கும், ஓட்டுநரின் காத்திருப்பு நீளும். பிரான்ஸ் 35 மணி வாரம் கொண்டுவந்தபோதும் நெடுந்தூர ஓட்டுநருக்கு 43 மணியையே சமமான வாரமாக வைத்தது. மற்றவர்களுக்கு வாரம் சுருங்கும்போது லாரி ஓட்டுநருக்கு மட்டும் விலக்கு எழுதுவது உலகெங்கும் பழகிப்போன வழி. ஆள் கிடைக்கவில்லை என்று பிறகு புலம்புவதும் அதே வழியில்தான் வருகிறது.

இப்போது எங்கே நிற்கிறது

2024 ஏப்ரலில் அஞ்சியபடி ஜப்பானில் சரக்கு நின்றுவிடவில்லை. சில்லறைக் கடைகள் ஆர்டர் முடிக்கும் நேரத்தை முன்னே இழுத்தன. இன்று ஆர்டர், நாளை சரக்கு என்று இருந்தது பல உணவுப் பொருள்களில் நாளை மறுநாளாகியது. அந்த ஒரு நாள் அவகாசம் கிடைத்ததும் கிடங்கு முந்தின நாளே சரக்கைப் பிரித்து வைக்க முடிந்தது. இரவு வேலை குறைந்தது. 40 விழுக்காட்டைக்கூடத் தொடாத வண்டி நிரம்பும் அளவை உயர்த்தவும் வழி பிறந்தது. செலவே இல்லாத இந்த மாற்றம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது என்று நினைக்கிறோம்.

2026 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 90,000 டன்னுக்கு மேல் சரக்குக் கையாளும் நிறுவனங்கள் நிர்வாகக் குழு மட்டத்தில் ஒரு சரக்குப் பொறுப்பாளரை நியமித்து, காத்திருப்பைக் குறைக்கும் திட்டத்தை அரசிடம் கொடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் உட்காருகிறவர் முதல் வாரத்தில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு வண்டிக்கும் நான்கு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்: வாயிலுக்கு வந்தது, வாசலில் பின்னோக்கி நிறுத்தியது, ஏற்றி அல்லது இறக்கி முடித்தது, வெளியேறியது. முதல் இரண்டுக்கும் இடையே நேரம் நீண்டால் முன்பதிவும் வாசல் ஒதுக்கீடும் சரியில்லை. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே நீண்டால் பேலட் அல்லது ஆள் பற்றாக்குறை. கடைசி இரண்டுக்கும் இடையே நீண்டால் காகித வேலை. ரசீதில் முத்திரை குத்தும் ஆள் சாப்பிடப் போயிருக்கிறார். ஒரு மாதத்துக் குறிப்பு போதும், எந்த வாசலில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு நேரம் போகிறது என்று தெரிந்துவிடும்.